அடைப்பு இருக்கிறது என்றார்கள், ஸ்டென்ட் மட்டும் வேண்டாமாம்!

கேள்வி: என் கணவருக்கு 59 வயது. பாதுகாவல் அதிகாரியாக 12 மணி நேர ஷிஃப்ட் வேலை. பத்து வருடமாக நீரிழிவு இருக்கிறது. புளோக்கிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு வேகமாக நடந்தால் நெஞ்சு இறுக்குகிறது என்று சில மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பலதுறை மருந்தகத்திலிருந்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். போன மாதம் ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். இதயத்தின் முன்பக்க ரத்தக் குழாயில் 60-70 சதவீத அடைப்பு, இன்னொன்றில் 40 சதவீதம். ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் சிறு உலோக வலைக்குழாய்) வைக்கச் சம்மதித்துக் கையெழுத்தெல்லாம் போட்டிருந்தோம். ஆனால் மருத்துவர் மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே விட்டு ரத்த ஓட்டத்தை அளந்தாராம். அப்போது ஏதோ மருந்து ஏற்றியதும் இவருக்கு இரண்டு நிமிடம் நெஞ்சு அழுத்தி, முகமெல்லாம் சூடாகிவிட்டதாம். கடைசியில் “எஃப்எஃப்ஆர் 0.86, ஸ்டென்ட் வேண்டாம், மாத்திரை போதும்” என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சென்னையில் இருக்கும் என் அண்ணன், “இங்கே என்றால் இரண்டு ஸ்டென்ட் வைத்திருப்பார்கள். அரசு மானியம் உள்ள சி வகுப்பு வார்டு என்பதால் கைகழுவிவிட்டார்கள்” என்கிறார். இன்னொரு விஷயம். கோப்பி, தே எதுவும் குடிக்கக்கூடாது என்று சொல்லியிருந்தும், அன்று விடியற்காலையில் இவர் கீழே இறங்கி ஒரு கோப்பி-ஓ குடித்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. அதனால் ஏதும் தப்பாகியிருக்குமா? தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறார், எடுக்கலாமா?
– வாசகி, ஈசூன்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அண்ணன் சொன்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று கடிதத்திலேயே தெரிகிறது. உங்கள் கணவரை யாரும் கைகழுவவில்லை. அந்த அளவுக் கம்பி ஒருவருக்கு ஒரு முறைதான், பிறகு குப்பைக்குப் போய்விடும். விலையும் லேசுப்பட்டதல்ல. செலவைக் குறைக்கத்தான் நினைத்தார்கள் என்றால் அந்தப் பொட்டலத்தையே பிரித்திருக்க மாட்டார்கள். தேசிய இதய நிலையமானாலும் கெண்ட் ரிட்ஜில் உள்ள பல்கலைக்கழக இதய நிலையமானாலும், நடுத்தரமான அடைப்பு ஒன்றைக் கண்டால் இப்படி அளந்து பார்ப்பது இன்று வழக்கமான வேலை. வார்டு எந்த வகுப்பு என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது. ஸ்டென்டும் தயார், கையெழுத்தும் தயார் என்ற நிலையில் அதை வைத்துவிட்டுப் போவதுதான் மருத்துவருக்குச் சுலபம். வைக்காமல் விட்டால் காரணத்தை எழுத வேண்டும், குடும்பத்துக்கு விளக்க வேண்டும். அந்த விளக்கம் உங்களுக்குச் சரியாகக் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

ஆஞ்சியோகிராமில் தெரிவது, ரத்தக் குழாய்க்குள் செலுத்திய சாயத்தின் நிழல். அந்த நிழல் எங்கே ஒடுங்குகிறது என்று பார்த்து, “60-70” என்று கண் மதிப்பாக எழுதுகிறோம். ஒரே படத்தை ஒருவர் 60 என்பார், பக்கத்து அறையில் இருப்பவர் 75 என்பார். இது எங்கள் தொழிலில் அன்றாடம் நடப்பது. சரி, எண்ணில் எல்லோரும் ஒத்துப்போனாலும் முக்கியமான கேள்வி அப்படியே நிற்கும்: அந்த ஒடுக்கத்தைத் தாண்டி இதயத் தசைக்குப் போதுமான ரத்தம் போகிறதா, இல்லையா? ஒடுக்கம் எவ்வளவு நீளம், அந்தக் குழாயை நம்பி எவ்வளவு தசை இருக்கிறது, பக்கத்துக் குழாய்களிலிருந்து கிளைகள் வந்து உதவுகின்றனவா என்பதையெல்லாம் பொறுத்தது அது. சதவீதத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

எவ்வளவு தூரம் சொல்ல முடியாது என்பதற்கு நல்ல கணக்கே இருக்கிறது. 2009இல் வெளியான ஃபேம் ஆய்வில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலுமாக 1,005 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பாதியினருக்குப் படத்தைப் பார்த்து ஸ்டென்ட் வைத்தார்கள். மறு பாதியினருக்கு ஒவ்வோர் அடைப்பையும் கம்பியால் அளந்து, எஃப்எஃப்ஆர் (அடைப்புக்குப் பின்னால் உள்ள அழுத்தம் முன்னால் உள்ளதில் எத்தனை பங்கு என்ற எண்) 0.80 அல்லது அதற்குக் கீழே இருந்தால் மட்டும் வைத்தார்கள். அளக்கப்பட்டவர்களில், கண்ணுக்கு 50 முதல் 70 சதவீதம் என்று தெரிந்த அடைப்புகளில் உண்மையிலேயே ரத்த ஓட்டத்தைக் கெடுத்தவை 35 சதவீதம்தான். உங்கள் கணவருடையது இந்த வகை. 71 முதல் 90 என்று தெரிந்தவற்றில்கூட ஐந்தில் ஒன்று ஓட்டத்தைப் பெரிதாகத் தடுக்கவில்லை. 90க்கு மேல் போனால்தான் கண்ணும் கம்பியும் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொல்கின்றன. முடிவு என்ன ஆனது தெரியுமா? அளந்து வைத்தவர்களுக்குச் சராசரியாக 1.9 ஸ்டென்ட், பார்த்து வைத்தவர்களுக்கு 2.7. ஒரு வருடத்துக்குள் மரணம், மாரடைப்பு, மறுபடி சிகிச்சை ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் அளந்த பக்கத்தில் 13.2 சதவீதம், பார்த்த பக்கத்தில் 18.3 சதவீதம். குறைவாக வைத்தவர்கள்தான் நன்றாக இருந்தார்கள்.

இனி அந்த 0.86க்கு வருவோம். மணிக்கட்டு வழியாகச் செலுத்தும் கம்பியின் தடிமன் ஏறக்குறைய மூன்றில் ஒரு மில்லிமீட்டர். அதன் நுனிக்குச் சற்று முன்னால் ரத்த அழுத்தத்தை உணரும் கருவி இருக்கும். அதை அடைப்பைத் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அடைப்புக்கு முன்னால், அதாவது மகாதமனியில், என்ன அழுத்தம், பின்னால் என்ன அழுத்தம் என்று ஒரே நேரத்தில் இரண்டையும் பார்ப்பார்கள். முன்னால் 100, பின்னால் 86 என்றால் 0.86. அடைப்பே இல்லாத குழாயில் இது 1 என்று இருக்கும். ஆகவே உங்கள் கணவருக்கு அந்த அடைப்பால் குறைவது, இருக்கக்கூடிய அதிகபட்ச ஓட்டத்தில் சுமார் 14 சதவீதம். நெதர்லாந்தைச் சேர்ந்த நிகோ பெய்ல்ஸும் பெல்ஜியத்தைச் சேர்ந்த பெர்னார்ட் டி பிரைனும் 1990களில் இந்த முறையை உருவாக்கினார்கள். முதலில் எல்லைக்கோடு 0.75 ஆக இருந்தது. அதற்கும் 0.80க்கும் நடுவில் இருப்பவர்களை விட்டுவிடக்கூடாது என்று பிற்பாடு 0.80க்கு உயர்த்தினார்கள். அந்த உயர்த்திய கோட்டுக்கும் மேலேதான் இவருடைய எண் நிற்கிறது. அதுவும் முன்பக்கக் குழாயில். நிறைய தசைக்கு ரத்தம் கொடுக்கும் குழாய் அது என்பதால் அங்கே எண் பொதுவாகவே சற்றுக் குறைவாக வரும். அங்கேயே 0.86 என்றால் நல்ல செய்திதான்.

அளக்கும்போது நெஞ்சு அழுத்தியது ஏன் என்றும் குழம்பியிருப்பீர்கள். ஏற்றிய மருந்தின் பெயர் அடினோசின். பிஐஇ விரைவுச்சாலையில் ஒரு தடத்தை அடைத்து வேலை நடந்தால், விடியற்காலை 3 மணிக்கு யாருக்கும் தெரியாது; காலை 8 மணிக்கு நெரிசல் துவாஸ்வரை நிற்கும். இதயக் குழாயும் அப்படித்தான். படுத்திருக்கும்போது ஓட்டம் குறைவு, அடைப்பின் குணம் வெளியே வராது. அதனால் அடினோசினைக் கொடுத்து, இதயத் தசைக்குள் இருக்கும் மிகச் சிறிய குழாய்களையெல்லாம் முழுவதுமாகத் திறந்துவிட்டு, ஓட்டம் உச்சத்துக்குப் போகும் அந்த நேரத்தில் எண்ணைப் படிக்கிறோம். நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்குதல், முகச் சூடு எல்லாம் அந்த மருந்தால் வருபவை. சொட்டை நிறுத்தியதும் ஒன்றிரண்டு நிமிடத்தில் போய்விடும். மாரடைப்பு அல்ல.

இப்போது கோப்பி-ஓ. உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி அதுதான். சொன்னதற்கு நன்றி. அடினோசின் போய் உட்கார வேண்டிய அதே இடத்தில் கஃபீன் முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்ளும். சிறு குழாய்கள் முழுவதும் திறக்காது, ஓட்டம் உச்சத்துக்குப் போகாது, எண் உண்மையைவிடச் சற்று உயர்வாகத் தெரியலாம். அதாவது தவறு நடந்தால் “பரவாயில்லை” என்ற பக்கமாகத்தான் நடக்கும். நம் காப்பிக்கடைக் கோப்பி வேறு பெரும்பாலும் ரோபஸ்டா கொட்டை, அராபிகாவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கஃபீன் உள்ளது. ஐந்தாறு மணி நேரம் கழித்தும் ஏறக்குறைய பாதி உடம்பில் இருக்கும்.

இதற்காக எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும் என்று பயப்படாதீர்கள். முகம் சூடாகி நெஞ்சு அழுத்தியது என்றால் மருந்து வேலை செய்திருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். முழு அளவுக்கு வேலை செய்தது என்பதற்கு அது போதுமான சாட்சி இல்லை, அவ்வளவுதான். இன்னொரு வழி இருக்கிறது. அடினோசின் ஏற்றுவதற்கு முன்பே, ஓய்வில் இருந்தபோது, அடைப்புக்கு முன்னும் பின்னும் இருந்த அழுத்தமும் கருவியில் பதிவாகியிருக்கும். அதைக் கோப்பி இப்படிக் கெடுக்காது. அந்த ஓய்வுநிலை விகிதம் 0.91க்கு நன்றாக மேலே இருந்தால் 0.86ஐத் தயங்காமல் நம்பலாம். அதற்குக் கீழே இருந்தால் மருத்துவரே இன்னொரு முறை யோசிப்பார். பதிவை எடுத்துப் பார்க்க அவருக்குச் சில நிமிடம்தான் ஆகும். அதனால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் நாளைக்கே மருத்துவமனையைக் கூப்பிட்டு, “அன்று காலை கோப்பி குடித்துவிட்டார், அளவைப் பதிவை ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள்” என்று தாதியிடம் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று உங்கள் கணவர் நெளிவார். யாரும் திட்ட மாட்டார்கள். இப்படிக் குடித்துவிட்டு வருபவர்கள் நாங்கள் பார்க்காதவர்கள் அல்ல.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஐஎஃப்ஆர் என்று இன்னொரு அளவு உண்டு. அடினோசின் இல்லாமல், இதயத் துடிப்பின் குறிப்பிட்ட ஓர் இடைவெளியில் மட்டும் அழுத்தத்தைப் படிப்பது. 2017இல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகள் அதுவும் எஃப்எஃப்ஆருக்குக் குறைந்ததல்ல என்று காட்டின. ஆனால் அதற்கு எல்லைக்கோடு 0.89. அதே 0.86 ஐஎஃப்ஆராக இருந்தால் ஸ்டென்ட் பற்றிப் பேச வேண்டிய எண்! உங்கள் அறிக்கையில் எஃப்எஃப்ஆர் என்று இருப்பதாலும், மருந்து ஏற்றியதாலும் இங்கே குழப்பமில்லை. வாட்ஸ்ஆப்பில் யாராவது “என் மாமாவுக்கும் 0.86, அவருக்கு வைத்தார்களே” என்றால் எந்த 0.86 என்று முதலில் கேளுங்கள்.

வைக்காமல் விட்டால் பிற்பாடு என்ன ஆகும் என்பதும் பார்க்கப்பட்டிருக்கிறது. டிஃபர் என்ற ஆய்வில், 0.75க்கு மேல் இருந்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்குப் பலூனால் குழாயை விரித்தார்கள், அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஸ்டென்டும் வைத்தார்கள்; மறு பாதியினருக்கு இரண்டும் செய்யவில்லை. 15 வருடம் கழித்துப் பார்த்தபோது மரணத்தில் இரு பக்கமும் வித்தியாசமில்லை. மாரடைப்பு வந்தவர்கள் விரிக்காத பக்கத்தில் 2.2 சதவீதம், விரித்த பக்கத்தில் 10 சதவீதம். அது பழைய தலைமுறை ஸ்டென்ட் காலம், இரு பக்கமும் தொண்ணூறு பேரளவில்தான் இருந்தார்கள், அதனால் அந்த 10ஐ அப்படியே இன்றைக்குப் பொருத்த மாட்டேன். என்றாலும் ஸ்டென்ட் என்பது உள்ளே வைக்கும் உலோகம். வைத்தபின் மாதக்கணக்கில் இரண்டு வகை ரத்த மெலிப்பு மாத்திரை, ரத்தக்கசிவு ஆபத்து, வைத்த இடத்திலேயே மறுபடி அடைக்கும் வாய்ப்பு எல்லாம் சேர்ந்துதான் வரும். நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த மறு அடைப்பு இன்னும் அதிகம். தேவை இருந்தால் அத்தனையும் தகும். தேவை இல்லாத இடத்தில் எதற்கு?

நான் ஸ்டென்டுக்கு எதிரி என்று அண்ணன் நினைத்துவிட வேண்டாம். இதே எண் 0.80 அல்லது அதற்குக் கீழே இருந்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். 2012இல் வந்த இரண்டாவது ஃபேம் ஆய்வில், அப்படிப்பட்டவர்களில் மாத்திரையில் மட்டும் விடப்பட்டவர்களில் 11.1 சதவீதத்தினர் அவசரமாகத் திரும்பி வந்து சிகிச்சை பெற வேண்டியிருந்தது. ஸ்டென்ட் வைத்தவர்களில் அது 1.6 சதவீதம். கம்பி இரண்டு பக்கமும் பேசும்.

அண்ணனுடைய கருத்தைக் கேட்பதிலும் தப்பில்லை. ஆனால் “60-70 சதவீதம்” என்று மட்டும் போனில் சொன்னால் சென்னையிலும் சரி, சிங்கப்பூரிலும் சரி, யாரும் அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடியும். மருத்துவமனையில் ஆஞ்சியோ படத்தின் பிரதியையும் அழுத்த அளவை அறிக்கையையும் கேட்டு வாங்கி, அதை அங்கே ஓர் இதய மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். இந்தக் கம்பி சென்னையிலும் இருக்கிறது, அங்குள்ளவர்களுக்கும் படிக்கத் தெரியும்.

இனி 0.86 சொல்லாத விஷயங்கள். எனக்கு உண்மையில் கவலை இங்கேதான். ஓட்டத்தைத் தடுக்கவில்லை என்றுதான் அந்த எண் சொல்கிறது. நோய் இல்லை என்று சொல்லவில்லை. குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிந்திருக்கிறது. மாரடைப்பு பெரும்பாலும் வருவது அந்தப் படிவு திடீரென்று வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதால். 70 சதவீதமும் வெடிக்கலாம், யாரும் கண்டுகொள்ளாத அந்த 40 சதவீதமும் வெடிக்கலாம். அதைத் தடுப்பது ஸ்டேட்டின் என்ற கொலஸ்டிரால் மாத்திரை, ஆஸ்பிரின், ரத்த அழுத்தக் கட்டுப்பாடு, சர்க்கரைக் கட்டுப்பாடு, சிகரெட்டை விடுவது. சிங்கப்பூரில் இந்தியர்களுக்கு மாரடைப்பு சீனர்களைவிட அதிகம் என்பதைப் பதிவுகள் வெகுகாலமாகக் காட்டுகின்றன. “ஸ்டென்டே வேண்டாம் என்றுவிட்டார்கள், இனி மாத்திரை எதற்கு” என்று ஆறு மாதத்தில் நிறுத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்டென்ட் வைத்தவர்கள்கூட அப்படி நிறுத்துவதில்லை, உள்ளே ஏதோ இருக்கிறது என்ற பயத்தில்.

அதனால் அடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்டிரால் எவ்வளவு என்று பாருங்கள். இவருக்கு 1.8க்குக் கீழே வர வேண்டும். நீரிழிவும் சேர்ந்திருப்பதால் பல மருத்துவர்கள் 1.4க்குக் கீழே கொண்டுவரப் பார்ப்பார்கள். அண்ணனிடம் சொல்லும்போது 70, 55 என்று சொல்லுங்கள், இந்திய அளவு முறையில் அதுதான். இல்லையென்றால் “1.8ஆ, என்ன உளறுகிறாய்” என்று இன்னொரு சண்டை வரும். ஸ்டேட்டின் மட்டும் போதாவிட்டால் எசெட்டிமைப் என்ற இன்னொரு கொலஸ்டிரால் மாத்திரையைச் சேர்க்கலாம். நீண்டகால நோய்களுக்கான இந்த மாத்திரைச் செலவுக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து பணத்தை எடுக்க முடியும், பலதுறை மருந்தகத்தில் கேட்டுப் பாருங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2024இல் வந்த பிரிவென்ட் என்ற ஆய்வில், எஃப்எஃப்ஆர் 0.80க்கு மேல் இருந்தும், குழாய்க்குள் கேமரா போன்ற கருவியை விட்டுப் பார்த்தபோது வெடிக்கக்கூடியதாகத் தெரிந்த படிவுகளுக்கு முன்கூட்டியே ஸ்டென்ட் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு வருடத்தில் பாதிப்பு நேர்ந்தவர்கள் வைத்த பக்கத்தில் 0.4 சதவீதம், மாத்திரைப் பக்கத்தில் 3.4 சதவீதம். எண் எடுப்பாக இருக்கிறது. ஆனால் மாத்திரை மட்டும் எடுத்தவர்களிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் நன்றாகவே இருந்தார்கள் என்பதையும் அதே ஆய்வு காட்டுகிறது. இதை வைத்து எல்லோருக்கும் முன்கூட்டியே வைக்கும் நிலைக்கு நாங்கள் இன்னும் வரவில்லை. நானாக இருந்தாலும் இவருக்கு இப்போது அதைச் சொல்ல மாட்டேன்.

அடைப்பு ஓட்டத்தைத் தடுக்கவில்லை என்றால் நடக்கும்போது நெஞ்சு ஏன் இறுக்குகிறது? நியாயமான கேள்வி, நீங்கள் கேட்காமல் விட்டதுதான் ஆச்சரியம். நீரிழிவு பல வருடம் இருந்தால், ஆஞ்சியோவில் கண்ணுக்கே தெரியாத மிகச் சிறிய குழாய்கள் சரியாக விரியாமல் போகலாம். அதற்கு ஸ்டென்ட் வைக்க இடமே கிடையாது, மருந்துதான். மாத்திரைகள் தொடங்கி இரண்டு மூன்று மாதமாகியும் இறுக்கம் குறையாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்தச் சிறு குழாய்களின் எதிர்ப்பையும் இதேபோன்ற கம்பியால் அளக்க முடியும். இறுக்கம் அடிக்கடி வர ஆரம்பித்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே வந்தாலோ அதுவரை காத்திருக்கக் கூடாது. போன மாதத்து 0.86 அன்றைக்குச் செல்லாது.

நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையோ ஸ்பிரேயோ கொடுத்திருப்பார்கள். வலி வந்தால் முதலில் உட்கார வேண்டும், ஒன்று பயன்படுத்த வேண்டும், 5 நிமிடத்தில் அடங்காவிட்டால் 995ஐ அழைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். டாக்சி பிடித்துப் போக வேண்டாம். அப்புறம் ஒன்று, நேரடியாகவே சொல்கிறேன்: ஆண்மைக்குறைவுக்கான மாத்திரை எதையாவது எடுத்துக்கொண்டிருந்தால் இந்த மருந்தோடு சேரவே கூடாது, ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும். நீரிழிவு உள்ள ஆண்கள் பலர் அதை மனைவியிடம்கூடச் சொல்லாமல் வாங்குவார்கள். அவரிடம் இந்தப் பத்தியைப் படிக்கக் கொடுத்துவிட்டு நீங்கள் சமையலறைக்குப் போய்விடுங்கள்.

பால்குடம் எடுக்கலாமா? சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை 3 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். தைப்பூசத்துக்குள் மாத்திரையில் இறுக்கம் அடங்கி, தினமும் அரை மணி நேரம் சிரமமில்லாமல் நடக்க முடிகிறது என்றால், பதிவைப் பார்த்த மருத்துவரும் சரி என்றால், நடப்பதைப் பற்றி எனக்குப் பயமில்லை. பயம் விரதத்தைப் பற்றி. வெறும் வயிற்றில் கிளிபிசைடு போன்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். எந்த மாத்திரையை அன்றைக்குக் குறைப்பது, எதை நிறுத்தவே கூடாது என்று ஒரு மாதத்துக்கு முன்பே பலதுறை மருந்தகத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆஸ்பிரினும் ஸ்டேட்டினும் அன்றைக்கும் உண்டு. கூட்டம் குறைவான நேரத்தில் கிளம்பட்டும், கூட ஒருவர் நடக்கட்டும், ஸ்பிரே அந்த உடன் நடப்பவரின் பையில் இருக்கட்டும். வழியில் இறுக்கினால் குடத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும் என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.